நான்காம் அறையும் ஊதா விளக்கும்

எங்கள் மருத்துவமனையில் அந்த விளக்கு வந்து இறங்கிய அன்று, டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்கள். ஆளுயரக் கம்பம், அதைச் சுற்றி நீள நீளமாக எட்டுக் குழல்கள், அடியில் நான்கு சக்கரங்கள். பெட்டியைப் பிரித்து நிறுத்தியதும் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, இது திருவிழாவுக்கு ரேடியோ செட்காரன் கட்டுகிற விளக்குதானே, ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று கேட்டார். புற ஊதாக் கதிர் என்றால் என்னவென்று அவருக்கு நின்ற இடத்திலேயே விளக்க ஆரம்பித்துவிட்டேன். அது என் குணம். ஒன்று கேட்டால் பத்து சொல்லாமல் விடமாட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய நம்பரைக் கூப்பிட்டுத் தாண்டிவிட்டார்கள். பாவம், மறுபடியும் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

போடியில் முப்பது படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சொல்வதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். செய்வதற்கு நாள் முழுவதும் யாருடனாவது மல்லுக்கட்ட வேண்டும். கை கழுவினீர்களா என்று டாக்டரையே மறித்துக் கேட்பேன். நோயாளியின் கட்டிலில் சப்பணம் போட்டு இட்லி சாப்பிடும் உறவினர்களை எழுப்பிவிடுவேன். காலையில் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து இறங்கி நான் வராந்தாவில் நடக்க ஆரம்பித்தால், எதிரே வருகிறவர்கள் சுத்தம் செய்வதுபோலக் காய்ந்த கையையே தேய்த்துக்கொண்டு போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு இந்த விளக்கைக் கேட்டு மேலாளர் அறைக்கு நான் நடந்த நடையில் ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. விஷயம் எளிது. நோயாளி வீட்டுக்குப் போனதும் அறையை மருந்துத் தண்ணீரால் துடைக்க வேண்டும். பிறகு விளக்கை நடுவில் நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, ரிமோட்டை அழுத்த வேண்டும். இருபது நிமிடம் எரியும். துணிக்குத் தப்பிய கிருமியை வெளிச்சம் முடித்துவிடும். துடைப்பதற்குப் பதிலாக அல்ல, துடைத்ததற்கு மேல். வெளிச்சம் நேராகப் பட்ட இடத்தில்தான் வேலை நடக்கும், நிழலில் நடக்காது.

இதையெல்லாம் துப்புரவுப் பெண்களுக்கு நான்தான் பாடம் எடுத்தேன். ஆறு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். சாதாரண வெயில் இல்லை இது, வெயிலில் இருக்கும் காரத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்த மாதிரி என்றேன். கண்ணுக்கு ஆகாது, தோலுக்கு ஆகாது, எரியும்போது உள்ளே ஈ கூட இருக்கக்கூடாது என்றேன். கையேட்டில் இருந்ததை ஒன்று விடக்கூடாது என்று, நாள்பட்டால் பிளாஸ்டிக், திரை, ரெக்சின் எல்லாம் வெளுத்துப்போகும் என்றும் சொன்னேன். நிழல் பற்றியும் சொன்னேன் என்றுதான் ஞாபகம். ஆனால் அதற்குள் டீ வந்துவிட்டது.

அந்த ஆறு பேரில் மூன்று, நான்கு, ஐந்து என்ற மூன்று தனி அறைகளுக்கும் பொறுப்பாக இருந்தவர் ஓர் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எங்களிடம் வருவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருடம் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது குடோனில், தரம் பிரித்துக் காய் பொறுக்கியவர். மேசையில் குவித்த காயில் ஒரு வெடித்த காய், ஒரு பூச்சி அரித்த காய் இருந்தாலும் அவர் விரல் அதைத் தேடிப் போய் எடுத்துவிடும் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அந்த விரல்தான் எங்கள் கட்டில் கம்பிகளையும் துடைத்தது. திருகாணிக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தீக்குச்சியில் துணி சுற்றித் துடைப்பார். அதிகம் பேச மாட்டார். நான் பேசுவதற்குச் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டோம். அறையைத் துடைத்துத் தயார் செய்து, விளக்கை நிறுத்திக் கதவைச் சாத்துவது அக்கா. வெளியே நின்று ரிமோட்டை அழுத்துவது நான். விளக்கு அணைந்ததும் உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிடுவது மறுபடியும் அக்கா. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. கண்ணாடி அந்தக் கதிரை வெளியே விடாது என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நினைத்து அதன்மேல் கறுப்புத் தாள் ஒட்டினேன். ஆக, விளக்கு எரியும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கதவிடுக்கில் ஒரு நீலக்கீற்று மட்டும் தெரியும்.

விளக்கோடு ஒரு கட்டு அட்டைகளும் வந்திருந்தன. மஞ்சளாக இருக்கும். போதுமான கதிர் பட்டால் ரோஸ் நிறமாக மாறும். கட்டிலில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று ஒட்டிப் பார்த்தால் வெளிச்சம் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரிந்துவிடும். நான் அவற்றை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆய்வுக்கு ஆள் வரும்போது எடுத்துக் காட்டலாம் என்றுதான். நம் வீடுகளில் நல்ல தட்டு அலமாரியில் விருந்தாளிக்குக் காத்திருக்கும், நாம் நசுங்கிய தட்டில் சாப்பிடுவோம். நானும் அந்த வளர்ப்புதான்.

முதல் இரண்டு மாதம் அமோகமாகப் போனது. நோயாளிகளின் வீட்டார் அறைக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, ஆஸ்பத்திரி வாடையே இல்லையே, ஏலக்காய் மணக்கிறதே என்று பாராட்டினார்கள். போடியில் பஸ் ஸ்டாண்டே ஏலக்காய் மணக்கும் என்பதால் நான் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. விளக்கின் விசேஷம் என்று ஒருவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மூன்றாவது மாதம் பரிசோதனை. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் படுக்கும் நான்காம் அறையில், விளக்கு போட்ட பிறகு, பஞ்சுக் குச்சியால் அங்கங்கே தடவி எடுத்து மதுரைக்கு லேபுக்கு அனுப்புவோம். முடிவு வந்தது. கட்டில் கம்பியில் கிருமி. மெத்தையில் கிருமி. நோயாளி அழைக்கும் மணியின் பொத்தானில் கிருமி. சுவர் சுத்தம். ஜன்னல் சுத்தம். யாரும் கை வைக்காத மேல்கூரை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தம். நல்லவேளையாக அந்த அறையில் படுத்த யாருக்கும் காயம் சீழ் வைக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். கட்டிலைத்தானே அக்கா முதலில் துடைக்க வேண்டும், கூரையிலா நோயாளி படுக்கிறார் என்று கேட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்குத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு குறை சொல்ல முடியவில்லை. துடைத்து முடித்ததும், நீங்க வெளிய போங்க சிஸ்டர், நான் தயார் பண்ணிட்டு வர்றேன் என்பார். நானும் போய்விடுவேன். இரண்டாவது பரிசோதனையில் முன்னைவிட மோசமாக வந்தது.

என் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது கைக்கு இறங்கிவிட்டது. மேலாளருக்கு ஒரு கடிதம் அடித்தேன். பிரிண்டரில் கறுப்பு மை தீர்ந்திருந்தது. அது வரும்வரை பொறுத்திருந்தால் கோபமும் தீர்ந்திருக்கும். நான் நீல மையிலேயே அடித்து எடுத்தேன். மேற்படிப் பணியாளரின் வேலையில் கவனக்குறைவும் சுத்தக்குறைவும் தொடர்ந்து காணப்படுகிறது என்று எழுதி, என் கறுப்புப் பேனாவால் அழுத்திக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துக் காட்டி, மறுபடி சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, என்னிடம் வந்து, நாலாம் ரூம்பு ஜன்னல் கொக்கி லூசா இருக்கு, பாத்துக்கங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பதிலாக மூன்று அறைகளுக்கும் அதே ஆறு பேரில், பொட்டிபுரத்திலிருந்து வரும் ஒரு பெண்ணைப் போட்டார்கள். நல்ல பெண்தான். ஆனால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கத் தெரிந்தவள். ஒருமுறை துடைப்பாள், அதுவும் கைக்கு எட்டியவரை. அடுத்த பரிசோதனைக்கு நான் பயந்துகொண்டே அனுப்பினேன். முடிவு வந்தது. கட்டில் சுத்தம், மெத்தை சுத்தம், மணிப் பொத்தான் சுத்தம். மேலாளர் வராந்தாவிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள் என்றார். எனக்கும் தலை நிமிர்ந்தது. இரண்டு நாள் அப்படியே நிமிர்ந்து நடந்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் துணி அறையிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதை என்ன பண்ணட்டும் சிஸ்டர், இடத்தை அடைக்குது என்றாள். பிரித்துப் பார்த்தேன். கறுப்புப் பாலிதீன் தாள். ஏலக்காய் மூட்டைக்கு உள்ளே போடுவார்களே, அந்தக் கனத்த தாள். நான்கைந்தை ஒட்டி, ஓரமெல்லாம் பழைய சேலைக் கரையை மடித்துத் தைத்து, ஒரு கட்டில் முழுவதும் மூடுகிற அளவுக்குச் செய்திருந்தது. முகத்துக்கு நேரே ஏலக்காய் வாசம் அடித்தது. 

இது எதற்கு என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "விளக்கு போடுறதுக்கு முன்னாடி அந்த அக்கா இதை வச்சுத்தான் கட்டிலு, மெத்தை, மருந்து ஸ்டாண்டு எல்லாத்தையும் போத்தி விடும். எனக்கும் சொல்லிக் குடுத்துச்சு. நாந்தான் சோம்பேறித்தனப்பட்டு விட்டுட்டேன். நாளையிலிருந்து போத்திடுறேன் சிஸ்டர், அதுக்காக எழுதிறாதீங்க."

நான் அந்தத் துணி அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். போடியில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் அது. ஏலக்காய்க்குப் பச்சைதான் உயிர். வெயில் பட்டால் பச்சை வெளுத்துவிடும், வெளுத்தால் விலை போய்விடும். அதனால்தான் காயை வெயிலில் போட மாட்டார்கள், மலையில் ஸ்டோர் என்கிற உலர்த்தும் கொட்டகையில் சூடு கொடுத்துத்தான் உலர்த்துவார்கள். கிட்டங்கியில் யாராவது கதவைத் திறந்து வெயில் உள்ளே விழுந்தால், பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் தலையைக்கூடத் தூக்காமல் காயின்மேல் கறுப்புத் தாளை இழுத்துவிடுவார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பன்னிரண்டு வருடம் அப்படி இருந்த ஒருவரை உட்கார வைத்து, வெயிலைவிடக் காரமான ஒரு வெளிச்சம் வருகிறது, பட்டால் பொருள் வெளுக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் ஆஸ்பத்திரிப் பொருளைத் தன் பொருளாக நினைத்து மூடியிருக்கிறார். வெளிச்சம் சுவரையும் கூரையையும் சுத்தம் செய்துகொண்டே இருந்திருக்கிறது. அதைவிட மோசம், அந்த ஒரே போர்வை மூன்று அறைக் கட்டில்களிலும் மாறி மாறி விழுந்து, ஓர் அறைக் கிருமியை அடுத்த அறைக்குச் சுமந்திருக்கிறது. அக்கா விரல் நோகத் துடைத்ததையெல்லாம் அவருடைய போர்வையே திரும்ப அழுக்காக்கியிருக்கிறது. சோம்பேறிப் பெண் பாஸ், அக்கா ஃபெயில். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பின்னாலேயே வெட்கமும் வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். போர்வையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு அரை மணி நேரம் யோசித்தேன். முடிவு சுத்தமாக வந்துவிட்டது. மேலாளர் கையைக் குலுக்கிவிட்டார். யாருக்கும் எதுவும் தெரியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். அந்த ஜன்னல் கொக்கி ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன், லூசாகத்தான் இருந்தது.

விசாரித்தபோது, அக்கா மலைக்குக் காய் எடுக்கப் போகிறார் என்றார்கள். அடுத்த வார லீவு நாளில் காலை இருட்டுப் பிரிவதற்குள் போடிக்கு வந்து, அவர் போகும் எஸ்டேட் ஜீப் நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் அக்கா முந்தின ஜீப்பில் போய்விட்டிருந்தார். அதே எஸ்டேட்டுக்குப் போகும் இன்னொரு ஜீப்பில் ஏறினேன். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேர். தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி, எல்லோர் கண்ணும் என்மேல். நான் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊசி போட வர்றீகளா, இல்ல எங்க கை சுத்தமா இருக்கான்னு பாக்க வர்றீகளா என்று ஓர் அம்மா கேட்டார். இன்னொருவர் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். ஜீப்பே சிரித்தது. வளைவுக்கு வளைவு என் முழங்கால் யாரோ ஒருவரின் தூக்குச்சட்டியில் இடித்தது. போடிமெட்டு செக்போஸ்ட் வருவதற்குள் என்னைப் பிழிந்து காயப்போட்டுவிட்டார்கள். 

எஸ்டேட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஏலச் செடி ஆளைவிட உயரம், ஆனால் காய் தரையோடு தரையாக, தூரிலிருந்து கிளம்பும் சரத்தில் காய்க்கும். எடுக்கிறவர்கள் குத்தவைத்தபடியே செடி செடியாக நகர்வார்கள். சரிவில் என் வெள்ளைச் செருப்போடு நான் இறங்கியதைவிடச் சறுக்கியதுதான் அதிகம். அக்கா ஒரு செடியின் அடியில் இருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்ததும் முதலில் என் காலைப் பார்த்தார். கணுக்காலில் இரண்டு அட்டைப்பூச்சிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார். அவை சுருண்டு விழுந்தன.

நான் போர்வையைப் பற்றிச் சொன்னேன். நிழல், வெளிச்சம், மூன்று கட்டில் என்று எல்லாவற்றையும் என் வழக்கப்படி நீளமாகச் சொன்னேன். அவர் சரத்திலிருந்து கை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் முற்றிய காயை மட்டும் எடுத்து, பிஞ்சை விட்டு நகர்ந்துகொண்டே இருந்தன. முடிந்ததும் கேட்டார்:

"வெளுத்துப்போகும்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க?"

"நான்தான்க்கா சொன்னேன்."

"அப்ப மூடாம என்ன செய்வாக?"

 மூடக்கூடாது என்று நான் சொன்னதாக ஞாபகம், டீ வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். தப்பு பாதி என்னோடதுதான்க்கா என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சரி, முக்கால் என்றேன். மன்னிப்புக் கேட்கிற இடத்திலும் எனக்குப் பேரம் பேச வருகிறது பாருங்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

"சோலி போனது போகட்டும் சிஸ்டர். கையி இருக்கு, எங்கயும் பொழைச்சுக்குவேன். சுத்தக்குறைவுன்னு எழுதிட்டீங்களே, அது என் மக காதுக்கும் போயிருச்சு. அவ எதுவும் கேக்கல. கேக்காம இருக்கா பாருங்க, அதான் எனக்குத் தாங்கல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை பெய்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். மேல் வரிசையில் இருந்த ஜீப்பு அம்மா, சிஸ்டர் அழுகுதுடி என்று சரிவு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டார்.

மேலாளரிடம் அடுத்த நாள் பேசினேன். அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா போனதும் சுத்தமாக வந்ததே, திரும்ப எதற்கு என்றார். அது ஒரு நியாயமான கேள்வி. நான் பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் அட்டைகளை எடுத்தேன். நான்காம் அறைக் கட்டிலில் ஓர் அட்டையைக் கறுப்புப் போர்வைக்கு அடியிலும், இன்னொன்றை வெளியிலும் ஒட்டி, விளக்கைப் போட்டு, இருபது நிமிடம் கழித்து அவரையே உள்ளே அழைத்துப் போனேன். வெளியில் இருந்தது ரோஸ். அடியில் இருந்தது மஞ்சளாகவே இருந்தது. அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த அட்டைகள் எப்போது வந்தன என்று கேட்டார். விளக்கோடு வந்தன, நான்தான் பூட்டி வைத்தேன் என்றேன். இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்றார். நான் என்றேன். கதவுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை, அதையும் நானே சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அந்த அம்மாவை வரச் சொல்லுங்கள், அடுத்த பரிசோதனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். ஆக, எல்லாம் அந்தப் பஞ்சுக் குச்சியின் கையில் இருந்தது.

அக்கா வந்தார். அட்டைகளில் பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள் என்றேன். நானாக இருந்தால் கட்டில்மேல் ஒட்டியிருப்பேன். அவர் கம்பியின் அடிப்பக்கம், அலமாரிக் கைப்பிடியின் பின்பக்கம், மெத்தையின் விளிம்பு என்று தேடித் தேடி ஒட்டினார். ஐந்து மஞ்சளாகவே நின்றன. விளக்கை நடுவில் வைத்ததால் எல்லாவற்றுக்கும் ஒரு முதுகு இருந்தது. அதற்கப்புறம் விளக்கைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை என்று நிறுத்தினோம். மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைத்தோம், அலமாரிக் கதவுகளைத் திறந்து போட்டோம். ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிடம் ஆகிறதே என்று நான் முணுமுணுத்தேன். வெரசா முடியணும்னா பழையபடி கூரையை மட்டும் சுத்தம் பண்ணலாம் சிஸ்டர் என்றார் அக்கா. பேசாதவர் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அட்டை ஒட்டிய பத்து இடத்திலும் தடவி எடுத்து மதுரைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை மூன்று நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. அக்கா தூங்கினாரா என்று கேட்கத் தைரியமும் இல்லை. நான்காம் நாள் தாள் வந்தது. பத்து இடத்திலும் கிருமி இல்லை. அந்தச் சோம்பேறிப் பெண்ணின் முடிவில்கூட அலமாரிக் கைப்பிடியில் லேசாக இருந்தது, இதில் அதுவும் இல்லை. நான் வராந்தாவில் ஓடினேன். ஓடக்கூடாது என்று போர்டு வைத்தவள் நான்தான்.

மேலாளர் கோப்பிலிருந்து என் பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, தவறு பயிற்சி கொடுத்தவருடையது, மேற்படிப் பணியாளரின் சுத்தத்தில் எந்தக் குறையும் இல்லை என்று புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதன் நகலை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். மகள் சத்தமாக இரண்டு தடவை படித்ததாக அடுத்த நாள் சொன்னார். பழைய கடிதத்தை நான் கிழிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"கிழிச்சா கிழிச்ச தாளா இருக்கும். இங்க கொண்டாங்க. வெளுக்கும்னு சொன்னீங்கள்ல, வெளுக்கட்டும்."

அன்றிலிருந்து, நோயாளி போய் அறை தயாரானதும், அக்கா அந்தக் கடிதத்தைத் திறந்து வைத்த அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். விளக்கு அணைந்ததும் மடித்து எடுத்துக்கொள்வார். நோயாளி அறையில் தேவையில்லாத தாள் இருக்கக்கூடாது என்பது என் விதி. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான தாளு இதுதான் சிஸ்டர் என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளையும் பிய்த்துவிட்டேன். நாற்பது நிமிடமும் அந்தக் கடிதம் நீல வெளிச்சத்தில் தொங்குவதை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதங்கள் போயின. பிரிண்டரின் நீல மை முதலில் சாம்பல் ஆனது, பிறகு கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற மாதிரி ஆனது. போன வாரம் அறையைத் திறந்து ஜன்னலைத் தள்ளிவிட்டு வந்த அக்கா, தாளை என்னிடம் நீட்டினார். தாள் பழுப்பேறி இருந்தது. சுத்தக்குறைவு இல்லை, கவனக்குறைவு இல்லை, மேற்படிப் பணியாளர் இல்லை. ஒரு வரி மிச்சமில்லை. கீழே, அழியாத மை என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த அந்தக் கறுப்புப் பேனாவில் நான் அழுத்திப் போட்ட கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"இது மட்டும் போக மாட்டேங்குது சிஸ்டர்" என்றார்.

"அது போகாதுக்கா" என்றேன். "இருக்கட்டும்."

அந்தத் தாள் இப்போது என் பீரோவில், மஞ்சள் அட்டைகள் பூட்டிக் கிடந்த அதே தட்டில் இருக்கிறது. அட்டைகள் வெளியே வந்துவிட்டன. நாங்கள் விளக்கைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் அறைக்குப் போனோம்.